ஈரக் கால், காய்ந்த கால்: ரெயூனியன் மலை நடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரெயூனியன். அதன் தலைநகர் சேன்-தெனியில் இருந்து மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பும் சின்னக் கூட்டம் எங்களுடையது. புதுச்சேரி, காரைக்காலில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், வேலைக்கு வந்த இரண்டு மூன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள், தமிழ் பேசிப் பழகும் ஆசையில் ஒட்டிக்கொண்ட உள்ளூர் நண்பர்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் கேள்வி காலைப் பற்றித்தான். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் எத்தனை முறை தட்டுவது என்று இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள். பதில்கள் பதினோரு வருடமாக லேசான ட்ரெயில் ஷூவில், அதாவது மலைப்பாதைக்கென்று செய்த ஓட்ட ஷூவில், நடக்கிற என்னுடையவை. நான் மருத்துவர் இல்லை.

அக்கா, மழையிலயும் கால் நனையவே கூடாது. அதுக்கு எந்த ஷூ வாங்கணும்?

அப்படி ஒரு ஷூ இல்லை. இந்தத் தீவில் சத்தியமாக இல்லை. 24 மணி நேரத்தில் உலகத்திலேயே மிக அதிகமாக மழை பதிவான இடம் நம் எரிமலைப் பக்கத்து ஃபோக்-ஃபோக்தான்: 1966 ஜனவரியில் 1,825 மில்லிமீட்டர். புதுச்சேரியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். 2007 பிப்ரவரியில் கமேத் புயல் வந்தபோது கொமெர்சோன் எரிமலைவாய் அருகே மூன்று நாளில் ஏறக்குறைய 3.9 மீட்டர் கொட்டியது.

அது புயல் கணக்கு, சரி. சாதாரண நாளிலும் தென்கிழக்குக் காற்று தள்ளிக்கொண்டு வரும் மேகம் கிழக்குச் சரிவில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது. எரிமலையின் கிழக்குப் பக்கத்தில் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் பெய்யும் இடங்கள் உண்டு. மேற்குக் கரையில் ஒரு மீட்டரைக்கூட எட்டாத ஊர்கள் உண்டு. அதனால் ஷூவைக் கேட்பதற்கு முன்னால் எந்தப் பக்கம், எந்த மாதம் என்று கேளுங்கள். மே முதல் நவம்பர் வரை ஓரளவு காய்ந்த காலம். ஜனவரி முதல் மார்ச் வரை கால் நனையும் என்று முடிவு கட்டிக்கொண்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள். நனைந்த கால் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, ராத்திரி தூங்கும்போது காய்ந்திருக்கிறதா, இந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

கோர்-டெக்ஸ் போட்டா தண்ணி உள்ள வராதுன்னு கடையில சொன்னாங்களே?

கடையில் சொன்னது பொய் இல்லை, பாதிதான் சொன்னார்கள். கோர்-டெக்ஸ் என்பது ஷூத் துணிக்குள் வைக்கும் மெல்லிய ஜவ்வு. அதில் இருக்கும் நுண்துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, வியர்வை ஆவி வெளியே போகும் அளவுக்குப் பெரியவை. துணியின் வழியாகத் தண்ணீர் வராது. ஆனால் ஷூவுக்கு மேலே கணுக்கால் பக்கம் ஒரு பெரிய வாசல் திறந்தே கிடக்கிறதே! காலில் வழியும் மழை, முழங்கால் உயரச் செடியில் நிற்கும் பனி, ஒரு தப்படி எடுத்து வைத்த சேற்றுக் குழி, எல்லாம் அந்த வழியாக வந்துவிடும். வந்த தண்ணீர் அதே ஜவ்வைத் தாண்டி வெளியே போகாது. வாளியில் கால் விட்டபடி நடப்பதுதான்.

இன்னொன்று, உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. வெளித்துணி மழையில் ஊறிவிட்டால் ஆவி போக வழி அடைபட்டு, ஒரு சொட்டு மழை உள்ளே வராமலேயே காலுறை நனைந்துபோகும். வெயிலில் ஏறும்போதும் அப்படித்தான்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம், தண்ணீர் புகாத தோல் பூட்ஸ் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டு பெலூவ் காட்டில் த்ரூ தெ ஃபேர் அருவியைப் பார்க்கப் போனேன். போகவர மூன்று நான்கு மணி நேரம், அதிலும் பலகை போடாத இடமெல்லாம் சேறு. இருபதாவது நிமிடத்தில் ஒரு வேரில் வழுக்கி முழங்கால் வரை குழியில் இறங்கினேன். அப்புறம் நடந்த நேரமெல்லாம் ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம். பக்கத்தில் வலைத்துணி ஷூ போட்டிருந்த தோழியும் அதே குழியில்தான் விழுந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும் அவள் ஷூவில் இருந்த தண்ணீர் பிழிந்து வெளியேறிவிட்டது. என் பூட்ஸ் பால்கனியில் நான்கு நாள் கிடந்தது. அந்த பூட்ஸை இப்போது தோட்ட வேலைக்கு வைத்திருக்கிறேன்.

அப்போ ட்ரெயில் ஷூ வாங்கறப்ப என்ன பார்க்கணும்?

மேல்பாகம் மெல்லிய வலைத்துணியாக இருக்க வேண்டும். உள்ளே தடித்த பஞ்சு மெத்தை வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல் முனைக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள். நாள் முழுக்க நடந்தால், அதிலும் ஈரத்தில், கால் வீங்கும். மாலை நேரத்தில் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது. அடிப்பாகத்துக் கட்டைகள் ஆழமாக இருக்கட்டும், ரப்பர் ஈரப் பாறையில் பிடிக்கிற மாதிரி இருக்கட்டும். இங்கே எலும்பு முறிவது பெரும்பாலும் பாசி பிடித்த எரிமலைப் பாறையிலும் ஈரமான மரக்கட்டைப் படியிலும்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஷூவைப் போட்டுக்கொண்டு வாளித் தண்ணீரில் காலை முக்கி எடுத்து மாடிப்படியில் நான்கு தடவை ஏறி இறங்குங்கள். இன்னும் சளக் என்றால் அந்த ஷூ கடைவீதிக்கு ஆகும், மாஃபாத் மலைப் பள்ளத்தாக்குக்கு ஆகாது.

ஈர ஷூவோட நாள் முழுக்க நடந்தா கால் அழுகிடாதா?

அம்மாக்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. தோல் சுருங்கி வெள்ளையாவது நோய் இல்லை, குளித்தால் விரல் சுருங்குவது போலத்தான். ஆனால் மேல்தோல் ஊறிப் பொதபொதவென்று ஆனபின் உராய்வு அதிகமாகிறது, சுலபமாகக் கிழிகிறது. கொப்புளம் அங்கேதான் ஆரம்பம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நாட்கணக்காக ஈர பூட்ஸோடு நின்ற சிப்பாய்களின் கால் கெட்டதைப் படித்திருப்பீர்கள். அதற்கு ஈரம் மட்டும் காரணம் அல்ல, குளிரும், காயவே விடாத நீண்ட நேரமும் சேர்ந்தன.

அதனால் என் வழக்கம் இது. சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஷூ, காலுறை இரண்டையும் கழற்றிக் காலைக் காற்றில் நீட்டுவேன். குறைந்தது இருபது நிமிடம். கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ராத்திரி எட்டு மணி நேரம் கால் முழுக்கக் காய்ந்திருந்தால், அடுத்த நாள் ஈரத்தைத் தோல் தாங்கும். மரத்துப்போதல், தொட்டால் உணர்ச்சி இல்லாமை, காய்ந்த பிறகும் போகாத எரிச்சல், இவை வந்தால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பருத்திக் காலுறைதானே உடம்புக்கு நல்லது?

சென்னை வெயிலில் பருத்தி நல்லது. இங்கே மலையில் வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்து, மடிந்து, மடிந்த இடத்தில் அறுக்கும். மெல்லிய மெரினோ கம்பளி, அல்லது கம்பளியும் செயற்கை இழையும் கலந்தது வாங்குங்கள். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும், நாற்றமும் குறைவு. 'கம்பளியா, இந்த ஊரிலா?' என்று கேட்காதீர்கள், பனியன் அளவுக்கு மெல்லியதாகவே கிடைக்கிறது. விரல்களுக்கிடையே கொப்புளம் வருகிறவர்கள் கையுறை மாதிரி ஐந்து விரல் உள்ள காலுறையைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று ஜோடி போதும்: காலில் ஒன்று, பையில் மாற்றுக்கு ஒன்று, ராத்திரிக்கு மட்டும் ஒன்று. அந்த மூன்றாவது ஜோடியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். பூமி பிளந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது.

ஓடையைத் தாண்டும்போது ஷூவைக் கழட்டிட்டுப் போகலாமா?

கழற்றாதீர்கள். அடியில் உருளும் கல், வழுக்கும் பாசி, கலங்கிய தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஷூவோடு இறங்கிக் கரையேறி நடந்துகொண்டே இருந்தால், வாளிச் சோதனையில் தேறிய ஷூ தானே வடிந்துவிடும். வேண்டுமானால் உள் அட்டையையும் காலுறையையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு வெறும் ஷூவோடு தாண்டலாம். ரிவியேர் தே கலே ஆற்றை ஒட்டி மாஃபாத்துக்குள் போகும் பாதையில் ஒரே நாளில் பல தடவை தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினால் பொழுது சாய்ந்துவிடும்.

இடுப்புப் பட்டையை அவிழ்த்து விடுங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. நீரோட்டம் வரும் திசையைப் பார்த்து நின்று, தடி ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வையுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறி ஏறினால் தாண்டவே தாண்டாதீர்கள். நமக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டி வெள்ளம் இறங்கும் ஊர் இது. கால் நனைவதைப் பற்றிய பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது.

தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டா போதாதா? எலுமிச்சை தேய்க்கணும்னு வெள்ளைக்காரங்க சொல்றாங்களே?

இரண்டும் இரண்டு வேலை. எண்ணெய், வாஸலின், மருந்துக்கடையில் விற்கும் நோக் மாதிரி உராய்வு தடுக்கும் கிரீம், எல்லாம் நடக்கும் அன்று காலையில் தடவுவது. தோலில் தண்ணீர் ஊறுவதைத் தாமதப்படுத்தும், உராய்வைக் குறைக்கும். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் கழுவிப் போய்விடுகிறது என்பது என் அனுபவம், வாஸலின் நிற்கிறது. குதிகால், விரல் இடுக்கு, கட்டைவிரல் பக்கவாட்டு, இந்த இடங்களில் நன்றாகப் பூசி, மதியம் கால் காய்ந்ததும் மறுபடி பூசுங்கள்.

எலுமிச்சை முன்கூட்டியே செய்வது. நீண்ட நடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே ராத்திரியில் உள்ளங்காலில் சாறு தேய்த்துத் தோலை இறுக்குவது பிரெஞ்சு மலை நடைக்காரர்களிடம் பழைய வழக்கம். எனக்கு இதைக் கேட்டதும் நாற்று நடும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். காரைக்கால் பக்கத்தில் என் பாட்டி நடவுக்கு முன்னால் காலில் மருதாணி அரைத்துப் பூசுவாள், சேற்றுப்புண் வராது என்று. நாள் முழுக்கச் சேற்றிலேயே நின்று பிழைத்தவர்கள் கண்டுபிடித்தது அது. நம் ட்ரெயில் ஷூ வித்தையெல்லாம் அதற்குப் பிறகுதான். மருதாணியின் நிறப்பொருள் தோலில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. நான் எலுமிச்சையும் செய்து பார்த்தேன், மருதாணியும் வைத்துப் பார்த்தேன். மருதாணி எனக்குப் பிடித்தது, காலும் அழகாக இருந்தது. ஆனால் இலையை அரைத்தது மட்டும். கடையில் விற்கும் கறுப்பு மருதாணி தோலைப் புண்ணாக்கக்கூடும். வெடிப்பு இருந்தால் எலுமிச்சை வேண்டாம், எரிச்சலில் உயிர் போகும்.

கீத்துல ராத்திரி ஷூவை எப்படிக் காய வைக்கறது?

புதியவர்களுக்கு: கீத் என்பது மலைக்குள் இருக்கும் தங்கும் விடுதி. மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது, பொருளெல்லாம் ஹெலிகாப்டரில் வருகிறது, மின்சாரம் சூரியத் தகடுகளில் இருந்து. ஹீட்டர், ஹேர் ட்ரையர் என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

உள் அட்டையை உருவித் தனியாக நிறுத்துங்கள். ஷூவைத் தலைகீழாகத் தட்டி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஊறிவிடும், எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். எல்லோரும் இந்த இரண்டாவது தடவையை மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். நனைந்த தாள் விடியும்வரை உள்ளே கிடந்தால் ஈரத்தைப் பத்திரமாகக் காக்கும். காலுறையைத் துண்டில் சுருட்டி மிதித்துப் பிழியுங்கள். அடுப்புப் பக்கத்தில் மட்டும் ஷூவை வைக்காதீர்கள். பசை இளகும், அடிப்பாகத்து நுரை சுருங்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படி வைத்துவிட்டு, மாஃபாத்துக்குள் இருக்கும் மார்லா ஊரில் இருந்து அடிப்பாகத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஏறினார்.

அவ்வளவும் செஞ்சு காலையில ஷூ ஈரமாத்தான் இருக்கு. காஞ்ச காலுறை போடறதா, வேண்டாமா?

ஈரக் காலுறையையே போடுங்கள். முதல் பத்து நிமிடம் கொடுமை, அப்புறம் உடம்பு சூடு அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்ததைப் போட்டால் அதே பத்து நிமிடத்தில் அதுவும் ஈரம், ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. போடுவதற்கு முன் வாஸலின் மறக்க வேண்டாம்.

அன்று முழுக்கக் காய்ந்த பாதை, நல்ல வெயில் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பையில் இருக்கும் மாற்று ஜோடியை எடுக்கலாம். கொல் தே பஃப் கணவாயில் இருந்து மாஃபாத்துக்குள் லா நூவேல் ஊருக்கு இறங்குகிறவர்கள் அப்படி நம்பி ஏமாறுவது ப்ளேன் தே தமரேன் சமவெளியில். தமரேன் என்றால் பிரெஞ்சில் புளி; பெயரைக் கேட்டு யாரும் புளியந்தோப்பு என்று நினைக்காதீர்கள், இந்த மலைக்கே உரிய வேல மர வகை அது. அந்தச் சமவெளியில் மழை நின்ற பிறகும் சேறு கிடக்கும்.

ஷூவுக்குள்ள பிளாஸ்டிக் பை போட்டுக்கலாமா?

நடக்கும்போது வேண்டாம், வியர்வையில் கால் அவிந்துவிடும், வழுக்கும். தங்கும் இடத்தில் ரொம்ப உதவும்: காய்ந்த காலுறை, அதன் மேல் ரொட்டிப் பை, அதன் மேல் ஈர ஷூ. ராத்திரி கழிப்பறைக்குப் போய் வரலாம்.

பிதோன் தெ நேஜ்ல விடியற்காலை குளிர்ல ஈர ஷூ சரிப்படுமா?

பிதோன் தெ நேஜ் இந்தத் தீவின் மிக உயரமான மலை. இங்கேதான் என் பிடிவாதத்தைத் தளர்த்துகிறேன். சிலாவோஸ் ஊர்ப் பக்கத்துப் பாதையில் சுமார் 1,100 மீட்டர் ஏறினால் கவெர்ன் துஃபூர் கீத், உயரம் ஏறக்குறைய 2,480 மீட்டர். அங்கிருந்து இருட்டில் எழுந்து 3,070 மீட்டர் உச்சிக்குச் சூரிய உதயம் பார்க்கப் போவார்கள். ஜூலை, ஆகஸ்டில் உச்சியில் உறைபனி படியும். மேலே போனதும் அசையாமல் நிற்கிறோம், காற்று வேறு. முன்னே சொன்ன குளிரும் ஈரமும் சேரும் நிலை இதுதான்.

முந்தின நாள் ஷூ நனைந்திருந்தால் தடித்த கம்பளிக் காலுறை போட்டு ஏறுங்கள்; உச்சியில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் மூன்றாவது ஜோடியை, அந்தப் புனிதமான ஜோடியைத்தான், ரொட்டிப் பையோடு போட்டுக்கொள்ளலாம். ஆமாம், 'அதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது' என்று நான்தான் சொன்னேன். நிற்கலாம். காய்ந்த காலத்தில், குளிரில், ஒரே ஒரு நாள் நடை என்றால் ஜவ்வு வைத்த ஷூவும் தப்பில்லை.

மாஃபாத்காரங்க சவாத்துலயே போறாங்களே?

சவாத் என்றால் இங்கே நம் ரப்பர் செருப்பு. போகிறார்கள்தான், நம்மைத் தாண்டி, தோளில் மூட்டையோடு. அவர்கள் நடக்கத் தொடங்கியதே அந்தப் பாதையில். செருப்பு நொடியில் காயும் என்பதும் உண்மை. நமக்கு அது கீத்துக்குள் மாலை நேரத்துக்கு.

தீயையே வெறுங்காலில மிதிக்கிறோம், ஈரத்துக்கா பயப்படறது?

சேந்த்-ஆந்த்ரேயில் பல வருடம் தீமிதித்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டது. விரதத்தையும் பக்தியையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஐயா: தீயில் உங்கள் பாதம் படுவது சில நொடிகள். ஈரம் எட்டு மணி நேரம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதற்கு அவசரமே இல்லை.

நடந்து பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வந்தது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். எலி போன்றவற்றின் சிறுநீர் கலந்த சேறு, தேங்கிய நீர் வழியாக வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இந்தத் தீவில் இருக்கிறது, மழைக்காலத்தில் அதிகம். காலில் உள்ள கீறல், உடைந்த கொப்புளம், ஊறிய தோல் வழியாகக் கிருமி நுழையும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி. டெங்கு மாதிரியே இருக்கும். மருத்துவரிடம் 'சேற்றில், ஆற்றில் நடந்தேன்' என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் மருந்து கொடுத்தால் நன்றாகக் கேட்கும் நோய், விட்டால் சிறுநீரகம் வரை போகும்.

கொப்புளத்தையும் கீறலையும் நடைக்கு முன்பே தண்ணீர் புகாத ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். சேற்றுப்புண்ணுக்கும் அதுவே முதல் வைத்தியம்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பாதிதான். ரெயூனியனில் சர்க்கரை நோய் அதிகம், நம் குடும்பங்களிலும் ஒருவராவது இருக்கிறார். கால் நரம்பு மந்தமாகியிருந்தால் கொப்புளம் உடைவதே தெரியாது. 'வலித்தால் நிறுத்துங்கள்' என்ற பேச்சு உங்களுக்குப் பயன்படாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் கழற்றிப் பாருங்கள், உள்ளங்காலைத் துணைக்கு வருகிறவரிடம் காட்டுங்கள். எலுமிச்சை வேண்டாம், சவாத் வேண்டாம், ஆற்றுப் பாதை வேண்டாம். மேற்குப் பக்கத்தில், காய்ந்த மாதத்தில், அரை நாள் நடை. கிளம்புமுன் மருத்துவரிடம் காலைக் காட்டிவிடுங்கள்.

நீங்க சொன்னது எல்லாம் செஞ்சேன், ஆனாலும் கொப்புளம் வந்துடுச்சு!

எங்கே வந்தது என்று பாருங்கள். குதிகாலில் என்றால் ஷூ தளர்வு. மேல் ஓட்டையையும் கோத்துக் கட்டுங்கள், நனைந்தபின் துணி நெகிழும் என்பதால் அரை மணியில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். விரல் நுனியில், நகம் கறுத்து என்றால் ஷூ சிறியது, அல்லது நகம் வெட்டவில்லை. உள்ளங்கால் நடுவில் என்றால் மணல் புகுந்திருக்கிறது. எரிமலைப் பக்கம் ப்ளேன் தே சாப்லில் நடந்தால் சின்னத் துணிக் கணுக்காலுறை மாட்டுங்கள். விரல் இடுக்கில் என்றால் ஐந்து விரல் காலுறை.

எங்கேயும் இல்லை, கால் முழுக்க எரிகிறது என்றால் மதியம் ஷூவைக் கழற்றவில்லை. கழற்றினேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள், போன ஞாயிறு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.